வீடா, வூடா?

போன வாரம் ஆக்சிலியாவை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? பீரோக் கண்ணாடி முன்னால். ஒரு புடவையை மடித்து வைப்பதும் இன்னொன்றை உதறிப் பார்ப்பதுமாக நின்றுகொண்டிருந்தாள். விடிந்தால் பெரிய டாக்டர் வரும் நாள். பரீட்சை என்னவோ மகளுக்குத்தான். அதற்காகப் பெற்றவள் எப்படியோ போய் நின்றுவிட முடியுமா? கடைசியில் மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்குக் கட்டிய நீலப் புடவை ஜெயித்தது.

விடிந்தும் விட்டது.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிலியாவுக்கும் டேவிட்ராஜுக்கும் ஒரே மகள் அனிஷா. ஏழு வயது. பிறக்கும்போதே வாயின் மேலண்ணம் பிளந்திருந்தது. பதினோராவது மாதத்தில் ஆபரேஷன் செய்து தைத்தார்கள். தையல் ஆறிவிட்டது, பேச்சுதான் வந்து சேரவில்லை. காற்று வாயில் நிற்காமல் மூக்கு வழியே ஓடிவிடும். 'ப' வரவேண்டிய இடத்தில் 'ம' வரும். அதனால் அந்த வீட்டில் அம்மாவும் அம்மா, அப்பாவும் அம்மா.

அதியமான்கோட்டையில் பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறான் டேவிட்ராஜ். நாலு லாரி டிரைவர்கள் நிற்கிற நேரமாகப் பார்த்து, மகள் "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு அவனைப் பார்த்து ஓடி வருவாள். "என்னா கண்ணு?" என்று கையைத் துடைத்துக்கொண்டு அவனும் போவான். சிரித்த டிரைவர்களை மட்டும் அன்று நெடுநேரம் காக்கவைத்தான் என்று கேள்வி.

மூன்று வயதில் ஸ்பீச் தெரபி ஆரம்பம். வாரத்துக்கு ஒரு நாள் தர்மபுரிக்கு ஓட்டம். உள்ளங்கையில் காகிதத் துணுக்கை வைத்து 'ப' என்று சொல்லிப் பறக்கவிட வேண்டும். மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடிப்பார்கள். அது மங்கினால் காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒன்றரை வருஷம் மங்கிய கண்ணாடியையே பார்த்தார்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை காகிதம் பறந்தது. "அப்பா" என்ற சொல்லை டேவிட்ராஜ் முதல் முதலாகக் கேட்ட கதையை நாம் முன்பே படித்து, மூக்கைச் சிந்தியும் ஆயிற்று.

இவ்வளவும் யாரால்? தெரபிஸ்ட் காவியாவால். பென்னாகரத்துப் பெண். ஆக்சிலியாவின் ஜெபத்தில் மாதாவுக்கு அடுத்த இடம் அவளுக்குத்தான்.

காவியா ஒருமுறை போகிறபோக்கில், "பாப்பாகிட்ட நிதானமா, தெளிவா பேசுங்கக்கா" என்று சொல்லிவிட்டாள். நிதானத்தை எல்லாம் விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் பிடித்துக்கொண்டாள் ஆக்சிலியா. அன்றிலிருந்து வீட்டுக்குள் சட்டம். வூடு என்று யாரும் சொல்லக் கூடாது, வீடு. பொட்டி கிடையாது, பெட்டி. மொளகா கிடையாது, மிளகாய். டேவிட்ராஜ் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "வீட்டுக்குள் வரலாமா அம்மையார் அவர்களே?" என்று கேட்பான். பக்கத்து வீட்டில் இதைக் கேட்டால், "ஏழு மணி செய்தி ஆரம்பிச்சுட்டாங்க" என்பார்கள். அவள் அசையவில்லை. மகள் தெளிவாகப் பேச வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

இன்னும் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். டேவிட்ராஜின் அண்ணன் இன்னாசி. அவர் பெண்டாட்டி ராயம்மாள். மூன்று வருஷத்துக்கு முன் அவர்கள் மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், பந்தி நிறைய ஆட்கள் இருக்கும்போது ராயம்மாள் சொன்னாள்: "அப்பனும் அம்மாவாம், அம்மாவும் அம்மாவாம். இது எங்க உருப்படப் போவுது." ஆக்சிலியா அப்போதே எழுந்தவள்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு தோட்டம்கூட இல்லை. ஆனாலும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. கோயிலில் ஒரே பெஞ்சில் இடம் இருந்தாலும் இவள் நின்றுகொண்டே பூசை பார்ப்பாள்.

சரி, இப்போது பைக்கில் ஏறுவோம்.

டேவிட்ராஜ் ஓட்ட, நடுவில் அனிஷா, பின்னால் ஆக்சிலியா. மடியில் ஒரு பை. அதில் காவியாவுக்குக் கொட்டை எடுத்த புளி இரண்டு உருண்டை. காலையில் மூன்று பேரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. அனிஷாவுக்கு மட்டும் பாலைக் கெஞ்சிக் கொடுத்திருந்தாள்.

போன தடவை பெரிய டாக்டர் மதியழகன் பட்டென்று சொல்லியிருந்தார். முப்பது படம் காட்டுவார்கள். இருபத்து நாலாவது சரியாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தெரபி மட்டும் போதும். அதற்குக் கீழே போனால் தொண்டைக்குள் இரண்டாவது ஆபரேஷன். அதற்குப் பிறகு பேச்சைக் கிட்டத்தட்ட முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கும்.

ஆபரேஷன் என்றதும் ஆக்சிலியாவுக்கு ஒரே ஒரு காட்சிதான் வரும். பதினோரு மாதக் குழந்தை. வாயில் கை வைத்துத் தையலைப் பிரித்துவிடக் கூடாது என்று முழங்கை மடங்காதபடி இரண்டு கையிலும் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அம்மாவிடம் வரக் கையை நீட்டும். மடக்கிக் கழுத்தைக் கட்டிக்கொள்ள முடியாது. மூன்று வாரம் அந்த நீட்டிய கையோடு தூங்கியது. இன்னொரு தடவை அதைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்று மாதாவிடம் வெளிப்படையாகவே சொல்லிவைத்திருந்தாள்.

"பாப்பா, வீடு சொல்லு," என்றாள் காதருகே குனிந்து.

"வீடு."

"பெட்டி?"

"பெட்டி."

"மிளகாய்?"

"அம்மா, வண்டில போகும்போது வாயில பூச்சி போயிடும்," என்றாள் அனிஷா. டேவிட்ராஜ் முதுகு குலுங்கச் சிரித்தான். முதுகிலேயே ஒரு குத்து விழுந்தது.

தர்மபுரி தெரபி மையத்தில் காவியா வாசலிலேயே நின்றிருந்தாள். புளியைப் பார்த்ததும், "எதுக்குக்கா இதெல்லாம்?" என்றபடி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ஆனால் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள்.

"நான் பழக்குன புள்ளைய நானே டெஸ்ட் பண்ணக் கூடாதுக்கா. டாக்டர்கூட புதுசா ஒரு பொண்ணு வந்திருக்காங்க. திருநெல்வேலிப் பக்கம். நல்ல பொண்ணுதான், பயப்படாதீங்க."

பயப்படாதே என்று சொன்னால் பயப்படாமல் இருக்கிறவளா ஆக்சிலியா? பின்னால் போட்டிருந்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள். டேவிட்ராஜ் பக்கத்தில் நகத்தின் கிரீஸை எடுத்துக்கொண்டிருந்தான்.

புதிய பெண் சிரித்த முகமாக இருந்தாள். அனிஷாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ரிப்பன் யார் கட்டியது என்று விசாரித்துவிட்டு, முதல் படத்தை எடுத்தாள்.

"பந்து," என்றாள் அனிஷா.

டிக்.

"பூ. பல். கப்பல். காக்கா."

டிக், டிக், டிக், டிக். ஆக்சிலியாவுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. நாலு வருஷத்துக்கு முன் இதே குழந்தை கப்பலை 'ஹம்மல்' என்றது. இன்று 'ப்'பில் உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம் பின் நாற்காலி வரை கேட்டது.

'சீப்பு' கொஞ்சம் மூக்கில் போனது. பெருக்கல் குறி. 'சட்டை'யும் அப்படியே. அது எதிர்பார்த்ததுதான். 'ச' இன்னும் வசப்படவில்லை என்று காவியாவே சொல்லியிருந்தாள்.

அடுத்த படம். ஓடு வேய்ந்து, கதவு, ஜன்னல் எல்லாம் வரைந்த படம்.

"வூடு," என்றாள் அனிஷா, கணீரென்று.

எங்கிருந்து வந்தது இது? ஆக்சிலியா பின்னாலிருந்து உதட்டை மட்டும் அசைத்து, 'வீ... வீ...' என்று காட்டினாள்.

"அம்மா, நீங்க சொல்லித் தரக் கூடாது," என்றாள் அந்தப் பெண் திரும்பாமலே. தாளில் பெருக்கல் குறி விழுந்தது.

பெட்டிப் படம். "பொட்டி." பெருக்கல்.

மிளகாய்ப் படம். "மொளகா." பெருக்கல்.

விளக்குப் படம். "வெளக்கு." பெருக்கல். நடுநடுவே 'ச' வந்த இன்னும் மூன்று படங்களுக்கும் பெருக்கல்.

வண்டியில் வரும்போது அவ்வளவு அழகாகச் சொன்ன பிள்ளை. ஆக்சிலியாவுக்கு மகள் மேலேயே கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவள் ஒன்பதில் நிறுத்தினாள். முப்பதில் ஒன்பது போனால் என்ன மிச்சம் என்று கணக்குப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தக் கணக்கை டாக்டர் மதியழகன் போட்டார். பக்கத்து அறையிலிருந்து வந்து தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இருபத்தொண்ணு," என்றார்.

அனிஷா மேஜை மேலிருந்த பந்துப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன தடவை சொன்னேன் இல்லைங்களா? இருபத்து நாலுக்குக் கீழே போனா..." என்று ஆரம்பித்தார் டாக்டர்.

அப்போதுதான் டேவிட்ராஜ் எழுந்து நின்றான். எட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில், அதிகாரி, டாக்டர், சாமியார் யார் முன்னாலும் வாயைத் திறக்காத மனுஷன்.

"சார், ஒரு நிமிஷம்ங்க. வூடு தப்பில்லீங்க சார். பொட்டியும் தப்பில்லீங்க. எங்க பக்கம் எல்லாரும் அப்பிடித்தாங்க சொல்லுவோம்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் ஆக்சிலியா. கணவன் குழந்தையின் குறையை மூடி மறைத்துச் சலுகை கேட்கிறான் என்று நினைத்துவிட்டாள். டாக்டர் பக்கம் திரும்பி, நிமிர்ந்து நின்று சொன்னாள்: "அவர் சொல்றத நம்பாதீங்க சார். நாலு வருசமா நான் கண்டிப்பா இருக்கறேன். எங்க வூட்ல யாருமே வூடுன்னு சொல்ல மாட்டோம் சார்."

முதலில் டாக்டரின் மீசை துடித்தது. அப்புறம் அந்தத் திருநெல்வேலிப் பெண் தாளால் வாயை மூடிக்கொண்டாள். டேவிட்ராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தான் என்ன சொன்னோம் என்று ஆக்சிலியாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நீலப் புடவைத் தலைப்பு முகத்துக்குப் போய்விட்டது.

"உக்காருங்கம்மா," என்றார் டாக்டர், சிரிப்பை விழுங்கிக்கொண்டு. மேஜையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்து அனிஷாவின் மூக்குக்குக் கீழே பிடித்தார். "எங்க, திரும்பச் சொல்லு பாப்பா. பொட்டி."

"பொட்டி."

கண்ணாடி மங்கவில்லை.

"வூடு, வெளக்கு, மொளகாப்பொடி," என்றார் டாக்டர்.

எல்லாம் சொன்னாள். 'மொ' என்ற இடத்தில் மட்டும் லேசாக மங்கியது. "அது 'ம'. அதுக்கு யாருக்குமே மங்கும்," என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டு, டாக்டர் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தார்.

"ஏன் பாப்பா, உனக்கு வீடுன்னு சொல்ல வராதா?"

"வருமே. வீடு. பெட்டி. விளக்கு. மிளகாய்," என்று ஒப்பித்தாள் அனிஷா.

"அப்புறம் இந்த அக்காகிட்ட எதுக்கு வூடுன்னு சொன்னே?"

அனிஷா யோசித்தாள். "இந்த அக்கா சிரிச்சாங்க. ரிப்பன் நல்லாருக்குன்னாங்க. சிரிக்கறவங்ககிட்ட வூடுன்னு சொல்லணும். வீடுன்னு சொன்னா பெரீம்மா வூட்ல கேலி பண்ணுவாங்க, டிவிக்காரின்னு."

"பெரியம்மா வீட்டுல உனக்கு நிறைய சிநேகிதமா?"

"ம். பெரீம்மா இருக்காங்க, அக்கா, அண்ணா. நாங்க பூ பொறுக்குவோம். டெய்லி."

டாக்டர் நிமிர்ந்தார். நாலு பெருக்கல் குறியையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் டிக் போட்டார். இருபத்தைந்து என்று எழுதி வட்டமிட்டார்.

"அம்மா, இடத்துக்குத் தகுந்த மாதிரி பேச்சை மாத்தறா உங்க பொண்ணு. காத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாத குழந்தைக்கு அது முடியாது. ஆபரேஷன் தேவையில்லை. 'ச' ஒண்ணுதான் பாக்கி. அதைக் காவியா பாத்துக்குவாங்க."

ஆக்சிலியா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷன் இல்லை. அட்டை கட்டிய கை இல்லை. "ஆண்டவரே, ஆண்டவரே," என்று வாய் தானாகச் சொன்னது. கண்ணீர் தாரை தாரையாக வந்தது. துடைக்கவும் இல்லை. இந்த டாக்டருக்கு, சிரித்த முகத்துப் பெண்ணுக்கு, அந்தச் சின்னக் கண்ணாடிக்குக்கூடக் கோயில் கட்டலாம் போல் இருந்தது.

ஆனால் காதில் இன்னொன்றும் விழுந்திருந்ததே. பெரீம்மா வூடு. டெய்லி.

வராந்தாவுக்கு வந்ததும் அனிஷா காவியாவைப் பார்த்து ஓடினாள். ஆக்சிலியா கணவன் பக்கம் திரும்பினாள். குரல் மட்டும் தணிந்திருந்தது.

"எத்தனை நாளா நடக்குது?"

டேவிட்ராஜ் செருப்பைப் பார்த்துச் சொன்னான். "போன வருசம் ஜூன்லேர்ந்து."

"நான் வேலை முடிஞ்சு கம்பெனி வண்டியில ஏழு மணிக்கு வந்து எறங்குறேன். பாப்பா உங்க கடையில உக்காந்து வூட்டுப்பாடம் எழுதறான்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஒன்றரை வருசமா என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"கடையில எங்க உக்கார வைக்கறது? கம்ப்ரஸர் சத்தத்துல அது பேசறது எனக்கே கேக்காது. ஒரு நாளு டயர் உருட்டிக்கினு ரோட்டுக்கே போயிடுச்சு. நான் வண்டிக்கு அடியில கெடந்தேன். பஸ்ஸுக்கு நின்ன அண்ணிதான் ஓடியாந்து புடிச்சாங்க. என்னை ஒரு அறை வுட்டாங்க. பாப்பாவைக் கையப் புடிச்சுக் கூட்டிக்கினு போயிட்டாங்க. அன்னிலேர்ந்து அப்பிடித்தான்."

பைபாஸில் வேகம் தணியாமல் வரும் லாரிகளை அவள் தினமும் பார்க்கிறவள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அனுப்பியிருப்பியா?"

அனுப்பியிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

"அண்ணியும் சொல்ல வேணாம்னாங்க," என்றான் டேவிட்ராஜ். "அங்க ஒரு முறை வெச்சிருக்காங்க. பாப்பா கையக் காட்டி எதையும் கேட்டா தர மாட்டாங்க. வாயால கேளு, குடுக்கறேன்னுவாங்க. எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாங்க. அவங்க புள்ளைங்க குறுக்க புகுந்து பாப்பாவுக்குப் பதிலா சொல்லிட்டா, அதுங்களுக்கு அடி வுழும். நான் கண்ணால பாத்தேன்."

காவியா வந்து ஆக்சிலியாவின் கையைப் பிடித்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆக்சிலியா அந்தக் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ இல்லேன்னா எம் பொண்ணு இல்ல, காவியா."

"அக்கா, நான் வாரத்துக்கு ஒரு மணி நேரம். நான் பழக்கறது சத்தம்தான். அந்தச் சத்தத்தை வெச்சுக்கிட்டுப் பேச எதிர்ல ஆளு வேணும், கேலி பண்ணணும், சண்டை போடணும். அதை நான் எங்க போய்க் குடுப்பேன்? இது யாரோ தெனமும் செஞ்சிருக்காங்க. எனக்குக் குடுத்த புளியில பாதி அவங்களுக்குச் சேரணும்."

"புளி அவங்க மரத்துலயே காய்க்குது," என்றான் டேவிட்ராஜ் மெதுவாக. ஆக்சிலியா முறைத்த முறையில் பைக் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குள் இரண்டு ஆட்கள் மல்லுக்கட்டினார்கள். ஒருத்தி, பந்தியில் விழுந்த அந்த வார்த்தையை மறந்துவிடாதே என்றாள். இன்னொருத்தி, ஒன்றரை வருஷம் தினமும் இரண்டு மணி நேரம் என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். நாலு வருஷமாக ஆக்சிலியாவைத் தின்ற கவலை ஒன்று உண்டு. கணவனிடம்கூடச் சொன்னதில்லை. தன் மகளோடு எந்தப் பிள்ளையும் விளையாடாது, கேட்டால் புரியவில்லை என்று போய்விடும், காலம் பூராவும் அம்மா ஒருத்திதான் அவளுக்குப் பேச்சுத் துணை என்கிற கவலை. அந்தக் கவலைக்கு இன்று வேலையே இல்லாமல் போய்விட்டது. அதைப் போகவைத்தவள் ராயம்மாள் என்று ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

இன்னாசி வீட்டுத் திருப்பம் வந்தது.

"நிறுத்துங்க," என்றாள்.

டேவிட்ராஜ் பிரேக்கைப் பிடித்தான். "வேணாம் ஆக்சிலியா. இன்னிக்கு நல்ல நாளு. சண்டை கிண்டை வேணாம்."

"நீங்க கடையத் தெறங்க. போங்க."

அனிஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அனிஷா இழுத்த இழுப்பைப் பார்த்தால் அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லும் அவளுக்குத் தெரியும் போல இருந்தது. அவிழ்த்துவிட்டிருந்த நாய்கூடக் குரைக்காமல் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

நடந்துகொண்டே 'நன்றி' என்று சொல்லிப் பார்த்தாள். அது என்னவோ பூசை முடிந்து சாமியார் சொல்கிற வார்த்தை மாதிரி இருந்தது. கூடப் பிறந்தவர்கள், ஓரகத்திகள் யாரும் ஒருத்தருக்கொருத்தர் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. வேறு என்ன சொல்வது? ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குள் வாசல் வந்துவிட்டது.

முற்றத்தில் சாமந்தி குவித்திருந்தது. ராயம்மாள் கால் நீட்டி உட்கார்ந்து, சந்தைக்குப் போகிற பூவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். ஆக்சிலியாவைப் பார்த்தாள். எழுந்த வேகத்தில் மடியிலிருந்த பூவெல்லாம் காலடியில் கொட்டியது.

மூன்று வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. ஏன் வந்தாய் என்றோ வா என்றோ அவள் கேட்கவில்லை.

"ஆபரேசனா?" என்றாள்.

இல்லை என்று ஆக்சிலியா தலையை ஆட்டினாள்.

ராயம்மாள் நின்ற இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். "காலைலேர்ந்து எனக்குப் பச்சத் தண்ணி எறங்கல," என்றாள். அனிஷா ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பெரீம்மா, எனக்கு இருபத்தஞ்சு," என்றாள். ராயம்மாள் அந்த ரிப்பன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆக்சிலியா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குள் மல்லுக்கட்டிய இரண்டு பேரில் ஒருத்தி பேசாமல் எழுந்து போய்விட்டாள்.

ராயம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பாப்பாவை அக்காவோடு விளையாட அனுப்பிவிட்டு, பூவைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னிக்குப் பந்தியில நான் அப்பிடிச் சொன்னேனில்ல. நாக்கு அழுவிப் போயிருக்கணும். அந்தப் பேச்சு எனக்கு எங்கேர்ந்து வந்துதுன்னு யாருக்கும் தெரியாது. எங்க வூட்டுக்காரருக்கே தெரியாது. எனக்கு முன்னால பொறந்த ஒருத்தி இருந்தா, ஆக்சிலியா. அவளும் இப்பிடித்தான். அவளை எங்க ஆத்தா வூட்டுல இதே மாதிரி சொல்லிச் சொல்லி..."

பூக்காம்பு ஒன்றைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.

கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஆக்சிலியாவுக்கு இருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிறவள் முகம் இன்றைக்கு அதைத் தாங்காது என்றும் தெரிந்தது. செருப்பைக் கழற்றினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். வாசற்படி ஏறி, ராயம்மாளைத் தாண்டி, அடுப்படிப் பக்கம் நடந்தாள்.

"அதை அப்புறம் சொல்லுங்கக்கா, ஒக்காந்து கேக்கறேன்," என்றாள். "எனக்குப் பசிக்குது. நீங்களும் சாப்பிடல. சோறு எங்க வெச்சிருக்கீங்க?"